ஜிகினா சில்க்ஸ் ஒழிக

'ஜிகினா சில்க்ஸ்' ஒளிபரப்பான முதல் வாரத்தில் ஆரணியில் யாருடைய மானமும் போகவில்லை.

அது ஒரு தனியார் தொலைக்காட்சியில் தினமும் சாயங்காலம் ஏழரைக்கு வந்த சிரிப்புத் தொடர். கதை நடக்கும் ஊர் ஆரணி என்று முதல் காட்சியிலேயே எழுத்துப் போட்டுக் காட்டினார்கள். பட்டுக்கடை முதலாளி கஜபதி, அவர் மனைவி மரகதம், கடையில் வேலை செய்யும் சில கோமாளிகள், இவர்கள்தான் தொடர். மரகதம் ஏதாவது சொல்ல வாயைத் திறந்தால் போதும், கஜபதி கையிலிருக்கும் புடவை அட்டைப்பெட்டியால் அவள் உச்சந்தலையில் டொக்கென்று ஒரு போடு போடுவார். "மக்கு மரகதம், வாயை மூடு, ஈ பூந்துடும்" என்பார். உடனே எங்கிருந்தோ பெருங்கூட்டம் சிரிக்கிற சத்தம் வரும். அந்தக் கூட்டத்தை யாரும் பார்த்ததில்லை. ஆனால் அது சிரித்ததும் ஆரணியும் சேர்ந்து சிரித்தது.

திலகவதியின் வீட்டுக்காரர் சிவப்பிரகாசம் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்து துண்டால் துடைத்துக்கொண்டார். காந்தி ரோட்டில் அவருக்கு இரண்டு பட்டுக்கடைகள். மூன்றாவது கடை திறக்கும்போது ஆடிட்டர் சொன்ன யோசனைப்படி அதை மனைவி பெயரில் பதிவு செய்து 'திலகவதி சில்க்ஸ்' என்று பலகை மாட்டினார். இருக்கிறதில் பெரிய கடை அதுதான். காலையில் கடை திறந்ததிலிருந்து விளக்கணைக்கும் வரை திலகவதி அங்கே கல்லாவில் உட்கார்ந்திருந்தாள். பலகையில் அவள் பெயர் இருந்தது, வரி கட்டுகிற காகிதத்தில் அவள் கையெழுத்து இருந்தது. முதலாளி என்று கூப்பிட்டால் மட்டும் சிவப்பிரகாசம் திரும்பிப் பார்த்தார்.

"இதுல இன்னாங்க சிரிப்பு?" என்று திலகவதி கேட்டாள்.

"உனக்கு காமெடி புரியாது திலகா. உட்டுடு" என்றார் அவர்.

அவள் வேலூரில் கட்டிக்கொடுத்திருந்த மகள் சுகன்யாவுக்குப் போன் செய்தபோது அங்கேயும் அதே சிரிப்புச் சத்தம் பின்னால் கேட்டது. "அம்மா, அது காமெடிம்மா. ஜாலியா பாரு" என்றாள் மகள். இரண்டு ஊர்களிலும் ஒரே பதில்தான்.

நாலைந்து நாள் கழித்து வந்தவாசியிலிருந்து கல்யாண ஜவுளி எடுக்க ஒரு குடும்பம் வந்திருந்தது. பெண்ணின் அத்தை, முகூர்த்தப் புடவைக்குப் பச்சையா அரக்கா என்று முடிவு செய்ய முடியாமல் திணறிக்கொண்டிருந்தாள். கல்லாவிலிருந்து எழுந்து வந்த திலகவதி, "அரக்கு பாருங்கம்மா, பொண்ணு கலருக்கு..." என்று ஆரம்பித்தாள். பக்கத்தில் நின்ற சிவப்பிரகாசம் அட்டைப்பெட்டியை எடுத்து அவள் தலையில் டொக்கென்று போட்டார். "மக்கு மரகதம், வாயை மூடு" என்றார்.

கடை முழுக்கச் சிரித்தது. வந்தவாசி மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர், "முதலாளி, அப்படியே கஜபதி மாதிரியே கீறீங்க" என்றார். வேலைக்கிருந்த பெண்களும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர்களில் அபிதகுசாம்பாள் ஒருத்திதான் சிரிக்கவில்லை. அவளுக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள் என்று திலகவதிக்குத் தெரிந்தது. அந்தக் குடும்பம் பேரமே பேசாமல் பதினோரு புடவை எடுத்துக்கொண்டு போனது. அன்றிலிருந்து சிவப்பிரகாசம் கூட்டம் சேர்ந்த நேரமாகப் பார்த்து அதைச் செய்ய ஆரம்பித்தார். வியாபாரத்துக்கு நல்லது என்றார்.

திலகவதி அவரோடு சண்டை பிடிக்கவில்லை. ஒரு தடவை, வீட்டில் சாப்பாடு போடும்போது, "கடையில அப்டி பண்ணாதீங்க" என்றாள். "சும்மா தமாசுக்கு" என்று சொல்லிவிட்டு மோருக்குத் தட்டை நீட்டினார். ஒரு மனிதனை இத்தனை வருஷம் பக்கத்திலிருந்து பார்த்தும், அவன் இவ்வளவு மலிவாக இருப்பான் என்று தெரியாமல் போனதை நினைத்துத் திலகவதிக்கு அவர் மேல் வந்ததைவிடத் தன் மேல்தான் அதிகம் இளக்காரம் வந்தது. மோரை ஊற்றினாள்.

ஆரணியின் மானம் போனது இரண்டாவது வாரத்தில்.

அன்றைய கதையில் போளூரிலிருந்து ஒரு கல்யாண கோஷ்டி கஜபதியின் கடைக்கு வருகிறது. கஜபதி விசைத்தறியில் ஓட்டிய புடவையை எடுத்து, கைத்தறி என்று சத்தியம் செய்து, பிளாஸ்டிக் ஜரிகையை அசல் வெள்ளி என்று சொல்லி அவர்கள் தலையில் கட்டுகிறார். கோஷ்டி படியிறங்கியதும் வேலைக்காரனைப் பார்த்துக் கண்ணடிக்கிறார். சிரிப்புச் சத்தம் வந்தது. சிவப்பிரகாசம் சிரிக்கவில்லை. தொடை மேல் இருந்த கை அப்படியே நின்றது. விளம்பரம் வருவதற்குள் ஜெயவேலிடமிருந்து போன் வந்துவிட்டது.

ஜெயவேல் பட்டு வியாபாரிகள் சங்கத்தின் செயலாளர். காந்தி ரோட்டிலேயே எதிர்வரிசையில் கடை. சிவப்பிரகாசம் சங்கத் தலைவர். இரண்டு பேரும் வெளியே அண்ணன் தம்பி போலப் பழகுவார்கள், உள்ளே ஒருவர் கடைக்கு வருகிற கூட்டத்தை மற்றவர் எண்ணிக்கொண்டிருப்பார். அவர்கள் கடைகளில் கைத்தறி என்று விற்றதில் பாதிக்கு மேல் தறிக்கொட்டகையில் மின்சாரத்தில் ஓடியது என்பது அந்தத் தெருவில் டீ கொண்டுவந்து கொடுப்பவருக்குக்கூடத் தெரியும். திலகவதிக்கு நன்றாகவே தெரியும். பில் போட்டது அவள்.

மறுநாள் சங்கக் கட்டடத்தில் அவசரக் கூட்டம். பெண்கள் யாருக்கும் அங்கே வேலையில்லை. ஆனால் டீயும் போண்டாவும் திலகவதியின் வீட்டிலிருந்து போக வேண்டியிருந்ததால் அவள் கதவோரம் நின்று கேட்டாள்.

"நம்ம தொழில நாஸ்தி பண்ணிகினு கீறானுங்க" என்றார் ஜெயவேல். "ஆரணிப் பட்டுன்னா உலகமே கையெடுத்துக் கும்புடுது. மெட்ராஸ்ல ஏசி ரூம்ல குந்திகினு ஒருத்தன் கத எழுதுறான், நாம டூப்ளிகேட் விக்கிறோமாம். இத இப்டியே உட்டா நாளைக்கு எவன் நம்ம கடைக்கு வருவான்?"

"பொண்டாட்டிய அடிக்கறதயும் காட்டறாங்களே, அதயும் மனுவுல சேத்துக்கலாமா?" என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார். அவர் தேவிகாபுரத்திலிருந்து புதிதாக வந்து கடை போட்டவர், ஊர் வழக்கம் தெரியாதவர்.

"அது காமெடிங்க" என்றார் சிவப்பிரகாசம். "அதப் போட்டா மனு கலகலன்னு பூடும். மேட்டர மட்டும் பேசுவோம்."

மேட்டர் முடிவானது. கடையடைப்பு, ஊர்வலம், கோட்டாட்சியரிடம் மனு, கடைசியில் கஜபதியின் கொடும்பாவி எரிப்பு. பெண்கள் முன்னால் நடந்தால்தான் டிவிக்காரன் எடுப்பான் என்று ஜெயவேல் சொன்னதால், எல்லா வீட்டுப் பெண்களும் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு வர வேண்டும் என்று தீர்மானித்தார்கள். தீர்மானம் நிறைவேறியதும் போண்டாவைச் சாப்பிட்டார்கள்.

ஊர்வலத்தன்று வெயில் மண்டையைப் பிளந்தது. திலகவதி அரக்குப் பட்டுப் புடவையில் முன்வரிசையில் நடந்தாள். பக்கத்தில் ஜெயவேலின் மனைவி தனக்கோடி, "ஒழிக ஒழிக, ஜிகினா சில்க்ஸ் ஒழிக" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு வந்தாள். மூச்சு வாங்கும் இடைவெளியில் திலகவதியின் காதருகே வந்து, "அக்கா, நேத்து கதைல அந்த லூசு வேலக்காரன் பஞ்சுமுட்டாய்னு நெனச்சி பட்டு நூல வாயில போட்டுகினானே, பாத்தியா? சிரிச்சி சிரிச்சி எனக்கு பொரையேறிச்சி" என்றாள். அடுத்த கோஷம் வந்ததும் மறுபடி கையை உயர்த்தினாள்.

கொடும்பாவிக்கு வேட்டிக்குப் பதிலாக ஒரு பட்டுப் புடவையைச் சுற்றியிருந்தார்கள். ஜெயவேல் தன் கடையிலிருந்து தாராளமாக எடுத்துக்கொடுத்தது. தீ வைத்ததும் அது குப்பென்று பிடித்துச் சொட்டுச் சொட்டாக உருகியது. பட்டு எரிந்தால் மயிர் கருகும் நாற்றம் வரும், உருகாது. நாலுமுனைச் சந்திப்பு முழுக்கப் பிளாஸ்டிக் வாளி எரிகிற நாற்றம் அடித்தது. அங்கே நின்ற அத்தனை பேரும் பட்டு வியாபாரிகள். அத்தனை பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

அப்போதுதான் ஒரு செய்திச் சேனல்காரி திலகவதியின் முகத்துக்கு நேரே மைக்கை நீட்டி, "ஆரணிப் பெண்ணா நீங்க எப்படி உணர்றீங்க?" என்று கேட்டாள்.

திலகவதி நிதானமாகத்தான் பேசினாள். "அந்த வியாபாரி பொய் சொல்லி விக்கறதா காட்டறாங்க. அது எங்க ஊர்ல நடக்கறதுதான். அதுல எனக்கு ஒண்ணும் கோவமில்லைங்க. ஒரு பொம்பளைய தெனமும் தலையில அடிச்சி, அதுக்கு சிரிக்கறாங்களே, அதுக்குத்தான் எனக்கு கோவம். அதுக்கு இங்க யாரும் கோஷம் போடல. அடிக்கறவங்கதான் இங்க கோஷம் போடறாங்க."

மைக் நகர்ந்ததும் அவள் நேரே வீட்டுக்கு வந்தாள். சாயங்காலம் செய்தி வரும், வீட்டில் பிரளயம் நடக்கும் என்று காத்திருந்தாள். செய்தி வந்தது. 'ஆரணிப் பெண் ஆவேசம்' என்று கீழே எழுத்து ஓட, திலகவதியின் முகம் திரையில் தெரிந்தது. "அதுக்குத்தான் எனக்கு கோவம்" என்றது. அவ்வளவுதான். அடுத்து ஜெயவேல் தோன்றி ஆரணிப் பட்டின் பெருமையைப் பற்றி நீண்ட நேரம் பேசினார்.

"நல்லா பேசினே திலகா" என்றார் சிவப்பிரகாசம். "மூஞ்சில அந்தக் கோவம் சூப்பரா வந்துகீது." மகளும் போன் செய்து பாராட்டினாள். திலகவதி அடுப்படிக்குப் போய் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அரிசி களைந்தாள். பயந்தது வீண் என்பதுதான் அவளுக்கு அவமானமாக இருந்தது. முழுவதையும் அப்படியே போட்டிருந்தாலும் இந்த ஊருக்கு அது காதில் விழுந்திருக்காது என்று தோன்றியது.

தொடர் நிற்கவில்லை. ஊர்வலத்தால் அதற்குப் பார்வையாளர்கள் கூடினார்கள். பத்து நாள் கழித்துச் சேனலிலிருந்து குமரேசன் என்று ஒரு மேலாளர் காரில் வந்தார். வெள்ளைச் சட்டை, பளபளவென்று வாரிய தலை, எதைச் சொன்னாலும் "கண்டிப்பா சார், கண்டிப்பா சார்" என்று தலையாட்டுகிற மனிதர். சங்கத் தலைவரையும் செயலாளரையும் ஒரு லாட்ஜின் ஏசி அறையில் சந்தித்துப் பேசினார். உள்ளே போகும்போது இருவரும் கொதித்துக்கொண்டு போனார்கள். டிபன் சாப்பிட்டு முடித்து வெளியே வந்தபோது ஆரணியின் மானம் திரும்பி வந்துவிட்டிருந்தது.

ஏற்பாடு இதுதான். கஜபதி திருந்துகிறார். திருந்துவதற்காக ஆரணியின் 'உண்மையான' கைத்தறிக் கடை ஒன்றுக்கு வந்து நல்ல பட்டு எது என்று தெரிந்துகொள்கிறார். அந்தக் கடையையே காட்டுவார்கள், பெயர்ப் பலகை நன்றாகத் தெரியும். பதிலுக்குச் சங்கம் ஒரு மாதத்துக்குத் தொடரின் விளம்பரதாரராக இருக்கும். எந்தக் கடை என்பதில் தலைவருக்கும் செயலாளருக்கும் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேச்சில்லை. கடைசியில், பெரிய கடை என்பதால் திலகவதி சில்க்ஸ் என்று முடிவானது.

"கடை ஓனர் கையெழுத்து வேணும்னு குமரேசன் சொன்னாரு. ஷூட்டிங் அன்னிக்கி ஒரு கையெழுத்து போட்டுடு" என்றார் சிவப்பிரகாசம்.

"இவனுங்க கொடும்பாவியத்தானே எரிச்சீங்க?"

"அது அப்போ. இப்போ மரியாதையா வந்து கேக்கறாங்க இல்ல."

கொடும்பாவி எரிந்த இடத்தில் தார் ரோட்டில் கரி இன்னும் போகவில்லை. அதற்கு நேர் மேலே 'ஜிகினா சில்க்ஸ் குழுவினரை வருக வருக என வரவேற்கிறோம்' என்று கட்அவுட் வைத்தார்கள். அதில் கஜபதியின் படம் பெரியதாகவும் சிவப்பிரகாசத்தின் படம் அதைவிடக் கொஞ்சம் சின்னதாகவும் இருந்தன.

படப்பிடிப்பன்று காலையிலேயே காந்தி ரோடு அடைத்துவிட்டது. செருப்பை வீசுவோம் என்று சபதம் செய்தவர்கள் கஜபதியாக நடித்தவரோடு செல்ஃபி எடுக்க முண்டியடித்தார்கள். மரகதமாக நடித்தவள் காரிலிருந்து இறங்கியதும், கூட்டத்தில் யாரோ ஒரு பெண் எட்டி அவள் தலையில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினாள். "மக்கு மரகதம்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நடிகையும் சிரித்தாள்.

மதியம், கடைக்குப் பின்னால் புடவை மடிக்கிற அறையில், திலகவதி அவளுக்குச் சாப்பாடு பரிமாறினாள். நடிகைக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. கொண்டையை அவிழ்த்துப் போட்டுவிட்டு, ஐஸ் கட்டியைக் கைக்குட்டையில் சுற்றி உச்சந்தலையில் வைத்துக்கொண்டாள்.

"நெஜமாவே அடிக்கறாங்களாம்மா?" என்று திலகவதி கேட்டாள்.

"வெறும் அட்டதான். சத்தத்த அப்புறமா சேத்துக்குவாங்க. ஆனா தலை சரியா ஆடலைன்னா சிரிப்பு வராதுன்னு அவரு கொஞ்சம் அழுத்திப் போடுவாரு" என்றாள் நடிகை. ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்தாள். "கோயிலுக்குப் போனா வரிசைல நிக்கறவங்க தட்டறாங்க. ரேஷன் கடைல தட்டறாங்க. என் மருமகன் ஒருநாள் தட்டிட்டான்."

"பின்ன எதுக்கு நடிக்கறீங்க? உட்டுட வேண்டியதுதானே."

நடிகை அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வையில் தோழமை ஒன்றும் இல்லை.

"இருபது வருஷம் நல்ல அம்மாவா நடிச்சேன். அழுதுகிட்டே இருந்தேன். ஒருத்தருக்கும் என் பேரு தெரியாது. இப்போ வீட்டு வாடகை ஒழுங்கா போகுது" என்றாள். பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே, "காலைல லைட் செட் பண்ணும்போது பாத்தேன். உங்க வீட்டுக்காரர் ரெண்டு தடவை உங்க தலைல போட்டாரு. நான் சம்பளத்துக்கு வாங்கறேங்க. நீங்க எதுக்கு வாங்கறீங்க?" என்றாள்.

திலகவதி மோர்ச் சொம்பை எடுத்தாள். "மோரு ஊத்தட்டுமா?" என்று கேட்டாள். கேட்டவுடன் அந்தக் கேள்வி அவளுக்கே கசந்தது.

சாப்பாடு முடிந்து மறுபடி விளக்கெல்லாம் போட்டபோது டைரக்டருக்கு ஒரு யோசனை உதித்தது. கஜபதி திருந்த வருகிற கடையிலும் முதலாளி மனைவியின் தலையில் போட்டால்? நிஜக் கடை, நிஜ முதலாளி, நிஜ மனைவி. சிரிப்பு அள்ளும் என்றார். சிவப்பிரகாசத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒருவன் வந்து அவர் முகத்தில் பவுடர் ஒற்றினான்.

"திலகா, ஜல்தி வா" என்று கூப்பிட்டார்.

"நான் ஒத்துக்கலையே" என்றாள் திலகவதி.

"மேடம், ரெண்டு செகண்ட்தான்" என்றார் டைரக்டர். "நீங்க ஒரு புடவையைக் கையில வச்சிக்கிட்டுப் பேச ஆரம்பிங்க. எதை வேணாலும் பேசலாம், எப்படியும் கேக்காது. சார் தட்டிடுவாரு. தட்டினதும் முழிக்கணும். அவ்ளோதான்."

வாசலில் கூட்டம் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. முன்னால் ஜெயவேலும் தனக்கோடியும். எதை வேண்டுமானாலும் பேசலாம் என்றதைத் திலகவதி மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு போய் விளக்கு வெளிச்சத்தில் நின்றாள். அலமாரியிலிருந்து சிவப்பிரகாசம் எடுத்துக் கையில் கொடுத்த பச்சைப் புடவையைப் பிரித்தாள். கேமரா ஓடுகிறது என்று ஒருவன் குரல் கொடுத்தான்.

"இது பவர்லூம் பொடவைங்க" என்றாள் திலகவதி. கல்லாவில் உட்கார்ந்து பேசுகிற அதே குரல்தான். "ஜரிகையும் ஒரிஜினல் இல்ல. இதத்தான் நாங்க கைத்தறின்னு சொல்லி கல்யாணத்துக்கு விக்கறோம். எதுத்த கடையிலயும் இதேதான்."

சிவப்பிரகாசத்தின் கையில் பெட்டி தூக்கியபடியே நின்றது. முகத்தில் போட்ட பவுடர் திட்டுத் திட்டாகத் தெரிந்தது. அடிக்க மறந்துவிட்டார்.

"கட்" என்று டைரக்டர் அலுத்துக்கொண்டார். "சார், தட்டவே இல்லையே நீங்க. மேடம் நல்லா பண்றாங்க. இன்னொரு தடவை போகலாம்."

அவர் ஒரு சொல்லையும் கவனித்திருக்கவில்லை. வாசல் கூட்டத்துக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. கேட்ட ஜெயவேல் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். சிவப்பிரகாசம் மனைவியின் பக்கம் சாய்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "இன்னா, டபாய்க்கிறியா? மானத்த வாங்கறியா?" என்றார்.

மறுபடி கேமரா ஓடியது. "இது பவர்லூம்" என்று அவள் ஆரம்பித்ததும் பெட்டி இறங்கியது. இந்தத் தடவை அது தமாஷுக்கு இறங்கவில்லை. பெட்டிக்குள் புடவை இருந்தது, அட்டையின் முனை அவள் வகிட்டுக்குப் பக்கத்தில் பட்டது. கண்ணில் பூச்சி பறந்தது. கூட்டம் கொல்லென்று சிரித்தது. டிவியில் வருகிற அதே சிரிப்பு, அதே நீளம். தமாஷான அடிக்கும் கோபத்தில் விழுந்த அடிக்கும் அங்கே நின்ற ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கேமராவுக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மரகதம் மட்டும் சிரிக்காமல் வேறு பக்கம் பார்த்தாள்.

"பிரமாதம்" என்றார் டைரக்டர். "மேடம் முழிச்சது அப்படியே நேச்சுரல்."

திலகவதி சிவப்பிரகாசத்தின் கையிலிருந்து பெட்டியை வாங்கினாள். அவர் எதிர்பார்க்காததால் அது சுலபமாக வந்துவிட்டது. அதை மேசை மேல் வைத்தாள். குமரேசன் நின்ற இடத்துக்குப் போனாள்.

"நீங்க கையெழுத்து கேட்டீங்களாமே. நான் போட மாட்டேன். எடுத்ததுல என் மூஞ்சியும் என் கடையும் வரக் கூடாது. வந்தா கோர்ட்டுல பாத்துக்கலாம். எல்லாரும் கெளம்புங்க."

குமரேசன் வழக்கம்போல் தலையாட்ட ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார். "சார்தானே ஓனர்?" என்று சிவப்பிரகாசத்தைப் பார்த்தார்.

"வெளிய போய்ப் பலகையப் படிங்க" என்றாள் திலகவதி.

"அவளுக்கு வெயில் ஒத்துக்கல. நான் பேசிக்கறேன், நீங்க வேலையப் பாருங்க" என்றார் சிவப்பிரகாசம், சிரிக்க முயன்றபடி. பிறகு அவளிடம் தணிந்த குரலில், "திலகா, வூட்ல போய் பேசிக்கலாம். ஊரே பாத்துகினு கீது" என்றார்.

"ஊர் பாக்கறப்பதானே அடிச்சீங்க."

அவள் அபிதகுசாம்பாளைக் கூப்பிட்டு மெயின் ஸ்விட்சை அணைக்கச் சொன்னாள். அபிதகுசாம்பாள் முதலாளியைப் பார்த்தாள், திலகவதியைப் பார்த்தாள். பிறகு போய் அணைத்தாள். பெரிய விளக்குகள் எல்லாம் ஒரேயடியாக அவிந்ததும் கடைக்குள் ஒருவர் முகம் ஒருவருக்குச் சரியாகத் தெரியவில்லை. டைரக்டர் யாரையோ கெட்ட வார்த்தையில் திட்டினார். சாமான்களைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் வெளியே போனார்கள். சிவப்பிரகாசமும், பவுடர் முகத்தோடு, அவர்களுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டே பின்னால் போனார். திலகவதி ஷட்டரை இறக்கினாள்.

படப்பிடிப்பு நின்றுவிடவில்லை. ரோட்டைக் கடந்து எதிர்வரிசைக்குப் போய், அன்று சாயங்காலத்துக்குள் ஜெயவேல் கடையில் எல்லாவற்றையும் எடுத்து முடித்தார்கள். நிஜ முதலாளி, நிஜ மனைவி எல்லாம் அங்கேயும் கிடைத்தார்கள்.

சிவப்பிரகாசம் ஒரு வாரம் திலகவதியோடு பேசவில்லை. சங்கத் தலைவர் பதவியிலிருந்து விலகும்படி ஜெயவேல் அன்போடு கேட்டுக்கொண்டார், விலகினார். தன்னுடைய இரண்டு சின்னக் கடைகளில் மாறி மாறி உட்கார்ந்தார். பெண்டாட்டி பெயரில் கடை வைத்தால் இப்படித்தான் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார், ஆடிட்டரையும் திட்டினார். வீட்டில் சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் சரியாக வந்தார். தட்டை நீட்டியபோது திலகவதி குழம்புச் சட்டியைக் காட்டினாள். போட்டுக்கொண்டு சாப்பிட்டார். சுகன்யா போனில், "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிகினு இருக்கலாம்மா, அப்பா பாவம்" என்றாள். "கடையில ஆள் கீறாங்க" என்று திலகவதி போனை வைத்தாள். யாரும் இல்லை.

கடையில் விசைத்தறிக்குத் தனி அலமாரி, கைத்தறிக்குத் தனி அலமாரி என்று பிரித்து எழுதி ஒட்டினாள். பெரிய மாற்றம் ஒன்றும் நடக்கவில்லை. வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, "எது வெல கம்மியோ அதக் காட்டுங்க" என்றார்கள்.

ஜெயவேல் கடையில் எடுத்தது ஒளிபரப்பான மறுநாள் காலையில் தனக்கோடி வந்தாள். புதுப் புடவை, தலை நிறையப் பூ. வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்து, "பாத்தியாக்கா?" என்றாள்.

"பாக்கல."

"ஐயோ, ஊரே பாத்துச்சு. எங்க தங்கச்சி போளூர்லருந்து போன் பண்ணி விழுந்து விழுந்து சிரிக்கறா. மூணு வாட்டி எடுத்தாங்க, மூணாவதுதான் நல்லா வந்திச்சாம். நான் கரெக்டா முழிச்சேன்னு அந்த டைரக்டரு சொன்னாரு."

திலகவதி அபிதகுசாம்பாளிடம் காபி வாங்கி வரச் சொன்னாள். இவளைப் பார்த்தால் பாவமாக இருக்கும் என்று எண்ணியிருந்தாள். அப்படி இல்லை. ஊரின் மேலும் புருஷன் மேலும் இருந்த இளக்காரம்தான் இவள் மேலும் வந்தது, கொஞ்சமும் குறையாமல்.

காபி வந்தது. தனக்கோடி ஊதி ஊதிக் குடித்தாள். "நீ ஏன்க்கா அப்டி பண்ணிட்டே? நல்ல சான்சு. எல்லாரும் பேசறாங்க, உனக்கு திமிருன்றாங்க. எனக்கே புரியல."

"வலிச்சுது" என்றாள் திலகவதி.

தனக்கோடி டம்ளரை வாயருகே கொண்டுபோனவள் குடிக்கவில்லை.

"எனக்கு ஒண்ணும் வலிக்கலக்கா" என்றாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, விசைத்தறி அலமாரியைக் காட்டி, அந்த ஊதாப் புடவையைக் கொஞ்சம் எடுத்துக் காட்டச் சொன்னாள். திலகவதி எழுந்து போய் அதை எடுத்து, அவள் மடியில் பிரித்துப் போட்டாள். தனக்கோடி ரொம்ப நேரம் அதன் முந்தானையைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். வாங்கவும் இல்லை, எழுந்து போகவும் இல்லை.